பத்தொன்பது திருப்பு

அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினொரு வயது. எனக்குச் சொந்தமில்லை. பிரெஞ்சு பேசுகிற லாசாலில் நான் இருக்கிற கட்டடத்தில், எனக்கு மேல் மாடியில், தாயும் மகளுமாக இருந்தார்கள். தாய்க்குப் பாண் சுடுகிற பக்டரியில் பின்னேர வேலை. பள்ளிக்கூட பஸ் வந்து இறக்கிவிட்டால் பிள்ளை நேரே என்னுடைய கதவைத்தான் தட்டுவாள். ஒன்பது மணிக்குத் தாய் வந்து கூட்டிக்கொண்டு போவாள். இந்தக் கட்டடத்தில் இப்படி என் கையில் வளர்ந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஒன்றுக்காவது ஒரு கீறல் விழுந்தது என்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பிள்ளை பார்ப்பதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்ற எண்ணம் எனக்கு நிறைய இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. முந்தியைவிடக் கொஞ்சம் குறைவு.

தாயும் மகளும் இரண்டு பேருமே என்னை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். தாய் கூப்பிடுவதைக் கேட்டு மகளும் அப்படியே பழகிவிட்டாள். எனக்கும் இரண்டு பேரும் பிள்ளைதான்.

பிள்ளைக்குக் கீழ்த்தாடை உள்ளே நின்றது. மேல்பல் இரண்டும் முன்னுக்கு வந்து கீழ் உதட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வாயை மூட வேண்டுமென்றால் உதட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். புத்தகம் படிக்கும்போதோ, டிவி பார்க்கும்போதோ அந்த நினைவு போய்விடும். வாய் தன்பாட்டில் திறந்துகொள்ளும். வளர வளரச் சரிவரும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்த பல் டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

தாடை பார்க்கிற டொக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். டொக்டர் இளம்பெண். பொறுமையாகத்தான் பிரெஞ்சில் சொன்னார். தாய்க்குப் பக்டரியில் பழகிய பிரெஞ்சு. விளங்காத இடத்தைப் பிள்ளை சொல்லிக்கொடுக்க, தாய் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"கீழ் எலும்பு பின்னுக்கு நிண்டிட்டுதாம் மாமி. பிள்ளை வளருற இந்த நேரத்துக்குள்ள பிளேட் போட்டுக் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டு வந்து பிடிச்சா, எலும்பும் அதோட சேர்ந்து வளருமாம். இதை விட்டிட்டா, பேந்து பெரியாளானாப் பிறகு வெட்டித்தான் சரிக்கட்டவேணுமாம்."

"எதை வெட்டுறது?"

"தாடை எலும்பை. ஆஸ்பத்திரியில மயக்கிப்போட்டு."

சொல்லிவிட்டுத் தாய் பிள்ளையின் கையைப் பிடித்தாள். வளர்கிற காலம் ஒருமுறைதான் வரும், இந்த வருடத்தையும் அடுத்த வருடத்தையும் தவறவிடக்கூடாது என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். அது எனக்குக்கூட விளங்கியது.

பிறகு பிள்ளையைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்துத் திரையில் போட்டார். எதையோ தட்டினார். திரையில் இருந்த பிள்ளையின் நாடி, கீழ்த்தாடையின் நுனி, முன்னுக்கு நகர்ந்தது. உள்ளே இருந்து ஒரு ஆள் மெதுவாகத் தள்ளுவதுபோல. கண் அதே கண். காதில் அன்றைக்குப் போட்டிருந்த அதே தோடு. ஆனால் வாய் மூடியிருந்தது. யாரும் இழுத்துப் பிடிக்காமல், தானாக மூடிக்கொண்ட வாய்.

பிள்ளை "சே கி?" என்றாள். யார் இது என்று கேட்கிறாள்.

டொக்டர் சிரித்து, நீதான், இன்னும் இரண்டு வருடத்தில் நீ, என்றார்.

பிள்ளை இல்லையென்று தலையாட்டினாள். என்னுடைய பக்கம் திரும்பி, "அது நானில்லை மாமி. அவ எப்ப வருவா?" என்று தமிழில் கேட்டாள்.

தாய் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை என்னோடு தமிழில் பேசுவதே அபூர்வம். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

இரண்டு கிழமையில் பிளேட் வந்தது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் சரிவாக ஒரு கட்டை. வாயை மூடினால் கட்டையும் கட்டையும் வழுக்கி, கீழ்த்தாடை தானாக முன்னுக்கு வந்து நிற்கும். பின்னுக்குப் போக வழியில்லை. மற்றப் பிள்ளைகள் ஊதா, பச்சை என்று நிறம் கேட்பார்களாம். இவள் நிறமே வேண்டாம், கண்ணாடிபோல இருக்கட்டும் என்றாளாம். ஏனென்று கேட்டேன்.

"வரப்போறவவுக்கு வெளிச்சம் வேணுமெல்லோ" என்றாள்.

மேல் பிளேட்டின் நடுவில் ஒரு சின்னத் திருகாணி. ஊசிபோல ஒரு திறப்பு, சின்னச் சாவி, இருக்கிறது. அதைத் துவாரத்துக்குள் விட்டு முன்னிருந்து பின்னுக்குத் தள்ளினால் பிளேட் நடுவால் மயிரளவு விரியும். மேல்வாய் அகன்றால்தான் கீழ்த்தாடை முன்னுக்கு வர இடம் கிடைக்கும். கிழமைக்கு ஒரு திருப்பு, சனிக்கிழமை, அதற்குமேல் வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். திறப்பு இரண்டு தந்தார். ஒன்று தாயிடம். தொலைந்தால் உதவும் என்று மற்றது பிளேட் பெட்டிக்குள். அந்தப் பெட்டி பிள்ளையோடு என் வீட்டுக்கு வரும்.

சனிக்கிழமை என்றதும் நான் தாயைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பிள்ளை, சனியில பிள்ளையின்ர உடம்பில கைவைக்கிற வேலை தொடங்கக்கூடாது. தொடங்கினா அது விடாமத் தொடரும். வெள்ளிக்கிழமை நல்லது. நான் விளக்கு வைச்சிட்டு வெள்ளியில திருப்பிவிடுறன்."

"சரி மாமி" என்றாள்.

அவள் சரி என்றாள். நான் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு, பிள்ளையைச் சாமிப்படத்துக்கு முன்னால் கதிரையில் இருத்தி, பிளேட்டைக் கழற்றித் தரச் சொல்வேன். பச்சைத் தண்ணீரில் கழுவித் துவாயில் ஒற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து, திறப்பை விட்டுத் தள்ளுவேன். சத்தம் ஒன்றும் வராது. ஆனால் விரலுக்குத் தெரியும், ஏதோ இடம் விட்டுக்கொடுக்கிறது. திருப்பி முடிந்ததும் என்னுடைய தமிழ்க் கலண்டரில் அன்றைய கட்டத்தில் மஞ்சளால் ஒரு பொட்டு. டொக்டர் தந்த அட்டையில் எல்லாம் பிரெஞ்சு. அது தாயின் பிரிட்ஜில் தொங்கியது. அதை நான் திரும்பிப் பார்த்ததில்லை. எழுத்து எனக்கு வராது என்று இன்னொருவர் வீட்டில் போய் நின்று காட்டுவானேன்?

டொக்டர் அச்சடித்துக் கொடுத்த அந்தப் படத்தைப் பிள்ளை என்னுடைய பிரிட்ஜில்தான் காந்தம் போட்டு ஒட்டினாள். பொழுதெல்லாம் இங்கேதானே இருக்கிறாள். செத்துப்போனவர்களின் படத்தை மாட்டிவைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். இன்னும் வராத ஒருத்தியின் படத்தை மாட்டின வீட்டில் நான் இருந்ததில்லை. அரிசி எடுக்கப் போனால் அது பார்க்கும். அதுவும் பக்கவாட்டில், என்னைப் பாராமல் பார்க்கும். துவாயைத் தொங்கவிட்டு மறைத்தேன். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து கொஞ்ச நேரத்தில் துவாய் அடுப்பங்கரைக் கதிரையில் மடித்துக் கிடக்கும். மறுநாளும் மறைப்பேன். மறுநாளும் கதிரையில் கிடக்கும். 

மூன்றாம் வெள்ளியோ, நான்காம் வெள்ளியோ, முகம் மாறத் தொடங்கியது. பிளேட்டோடு வாய் மூடியிருக்கும்போது நாடி முன்னுக்கு நிற்கும். கழற்றினால் பழையபடி உள்ளே போகும். பல் தீட்டப் போகும்போது ஒரு பிள்ளை, தீட்டிவிட்டு வரும்போது வேறு பிள்ளை. கதவால் யார் வருவாள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

மார்கழி மாதம். நாலரைக்கே ஜன்னல் கறுத்துப்போகிற காலம். பிள்ளை குளியலறையில் இருந்தாள். கதவு நீக்கலாக இருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். போன் வைத்திருக்கிறாளோ என்று போய்ப் பார்த்தேன். போன் மேசையில் கிடக்கிறது. நீக்கலால் பார்த்தேன். கண்ணாடியின் முன்னால் நிற்கிறாள். பிளேட் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெளிவான குரலில், பிரெஞ்சில் ஏதோ கேட்கிறாள். பிறகு பிளேட்டைப் போடுகிறாள். டக், டக் என்று இரண்டு சத்தம். நாடி முன்னுக்கு வருகிறது. இப்போது அந்தத் தடித்த, எச்சில் ஊறிய குரலில் பதில் வருகிறது. தமிழில்.

"கொஞ்சம்தான் இருக்கு. திருப்பு."

மறுபடி கழற்றுகிறாள். பிரெஞ்சில் கேள்வி. மறுபடி டக், டக்.

"நோகாது. திருப்பு."

நான் செருமினேன். பிள்ளை திரும்பிப் பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல, "மாமி, பசிக்குது" என்றாள். அதே தடித்த குரலில், தமிழில் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தப் பிள்ளை தமிழ் பேச வேண்டும் என்று நான்கு வருடம் நான் நச்சரித்திருக்கிறேன். பேசியது காதில் விழுந்தபோது, பேசாமல் இருந்தாலே போதும் என்று இருந்தது.

பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டது என்று அடுத்த நாளே நாவூறு கழித்தேன். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து மூன்று தரம் தலையைச் சுற்றி, சட்டியில் போட்டு எரித்தேன். மிளகாய் கருகினால் வீடே இருமும். அன்றைக்கு ஒரு செருமல் இல்லை. பிள்ளை சட்டிக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். இருமல் வராவிட்டால் நாவூறு பெரிது என்று அர்த்தம். அதை நினைத்து முடிக்கவில்லை, கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. எதிர்வீட்டு ஐயா துவாயை விசுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னக்கா, பேயைக் கலைக்கிறியளோ, எங்களைக் கலைக்கிறியளோ?"

"உங்களைக் கலைக்க மிளகாய் காணாது" என்றேன். 

ஏழாவது வெள்ளி பிளேட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது நடுப் பிளவில் நெருப்புக்குச்சி ஒன்று போய்வரும்போல இருந்தது. மயிரளவு, மயிரளவாக ஆறு தரம் திருப்பினால் அவ்வளவு வருமா? கலண்டரில் பொட்டை எண்ணினேன். ஆறுதான். எழுத்துத் தெரியாதவளுக்கு எண்ணத் தெரியாது என்று நினைக்கவேண்டாம். அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை தவறக்கூடாது என்று ஏழாவதையும் திருப்பினேன். பிள்ளை அதை வாயில் வைத்து, மேசை விளிம்பில் நாடியை ஊன்றி, கடித்து இறக்கினாள். கண்ணால் தண்ணீர் வந்தது.

"நோகுதோ?"

"இல்லை" என்று சிரித்தாள்.

ஞாயிறு காலை தாய் போன் பண்ணினாள். மேலே போனேன். பிளேட் மேல்வாயில் உட்காரவில்லை. பல்லடி முரசு சிவந்து, ஓரத்தில் இரத்தம். பிள்ளை அதைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றப் பார்க்கிறாள். தாய் அழுதுகொண்டு அவளின் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"இது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை மாமி. நாளைக்கு டொக்டரிட்டப் போய்க் கழட்டிக் குடுத்திட்டு வரப்போறன். வேண்டாம். பல்லு முன்னுக்கு மிதந்தா மிதக்கட்டும்."

"பேந்து வெட்டவேணும் எண்டவவெல்லோ?"

"வெட்டுறது பேந்து. இது இப்ப."

நான் ஆறுதல் சொல்ல வாய் திறந்தபோது பிரிட்ஜில் இருந்த அட்டை கண்ணில் பட்டது. அன்றைக்குத்தான் அதை நேராகப் பார்த்தேன். கட்டம் கட்டமாக நீலப் பேனையால் சரி போட்டிருந்தது. ஏழு சரி. ஏழும் ஒரே நிரையில், கடைசிக்கு முந்திய நிரையில். அதற்கு அடுத்த நிரையில் விரல் வைத்து, "இது என்ன கிழமை?" என்று கேட்டேன்.

"ஞாயிறு மாமி. இண்டைக்கு."

அப்படியென்றால் ஏழு சரியும் சனிக்கிழமை. வெள்ளி நான் திருப்பியிருக்கிறேன். மறுநாள் விடியத் தாய் திருப்பியிருக்கிறாள். என்னிடம் சரி மாமி என்று சொல்லிவிட்டு, டொக்டர் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். பெரியவர்களுக்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டவர்கள் நாங்கள்தானே.

கீழே இறங்கி வந்தேன். அன்றைய பகல் முழுக்க யோசித்தேன். நான் வாய் திறக்காவிட்டால் தாய் ஏழு திருப்பு என்பாள், ஏழுக்கே தாங்காத வாய் என்று டொக்டர் பிளேட்டைக் கழற்றிவிடுவார், வளர்கிற காலம் போய்விடும், பிறகு கத்தி. வாய் திறந்தால் எனக்கு அந்தப் பிள்ளை இல்லை. எந்தத் தாய் இனி என்னை நம்பித் தருவாள்? பன்னிரண்டு பிள்ளைகள் வளர்த்தவள் என்ற பேரும் அதோடு போகும். வெட்கத்தோடு சொல்கிறேன்: டொக்டரிடம் போகும்வரைக்கும் நான் பேசாமல் இருக்கத்தான் முடிவெடுத்திருந்தேன்.

திங்கள் நானும் கூடப் போனேன். டொக்டர் பிளேட்டைக் கையில் எடுத்து நடுப் பிளவைச் சின்ன அளவுகோலால் அளந்தார். திருப்பி அளந்தார். எத்தனை தரம் திருப்பினீர்கள் என்று கேட்டார். தாய் அட்டையைக் காட்டி ஏழு என்றாள். டொக்டர் இல்லையென்று தலையாட்டி ஒரு எண் சொன்னார். தாய் என்னுடைய பக்கம் திரும்பினாள்.

"பத்தொன்பதாம் மாமி. பத்தொன்பது திருப்பு திரும்பியிருக்காம். ஆர்...?"

பிள்ளை கதிரையில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளேட் இல்லாத வாய் திறந்து கிடந்தது. முரசில் அந்தச் சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

"ஏழு நான்" என்றேன். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் திருப்பினனான். நீ சனியில செய்யிறாய் எண்டு எனக்குத் தெரியாது. டொக்டருக்குச் சொல்லு. கிழவி பிழை விட்டிட்டா எண்டு சொல்லு."

தாய் சொல்லவில்லை. என்னையே பார்த்தபடி நின்றாள். கதிரையில் கிடந்த பிள்ளைதான் அதைப் பிரெஞ்சில் டொக்டருக்குச் சொன்னாள். ஒரு சொல் விடாமல், கிழவியையும் விடாமல் சொன்னாள் என்று நினைக்கிறேன். டொக்டருக்கு உதட்டோரம் சிரிப்பில் துடித்தது. பிறகு விரல் விட்டு எண்ணினார். ஏழும் ஏழும் பதினான்கு. இன்னும் ஐந்து இருக்கிறதே என்று கையை விரித்தார்.

மூன்று பேரும் பிள்ளையைப் பார்த்தோம். பெட்டிக்குள் இருந்த திறப்பு எப்போதும் அவளோடுதானே இருந்தது. வெள்ளியும் சனியும் இரண்டு பேர் திருப்புகிறோம் என்று தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். எங்கள் இரண்டு பேருக்கும் வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள். ஒருத்திக்கும் மற்றவளைச் சொல்லவில்லை.

"நீயோ?" என்றாள் தாய்.

"நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான்" என்றாள் பிள்ளை. "அவவுக்கு அவசரம்."

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று டொக்டர் கேட்டார். பதிலுக்குத் தாய் பெட்டியில் இருந்த திறப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

டொக்டர் திருகாணியைத் திருப்பித் திருப்பிப் பின்னுக்குக் கொண்டுவந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, முரசு ஆறிவிடும், இரண்டு கிழமை திருப்பாமல் சும்மா போடட்டும், பிறகு தொடங்கலாம் என்றார். கீழ்த்தாடை நன்றாகத்தான் முன்னுக்கு வருகிறதாம். நிறுத்த ஒரு காரணமும் இல்லையாம். அந்தத் திறப்பைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்தில்தான் பேசினாள்.

"நீங்கள் சொன்னா நான் முகத்துக்கு நேர மறுக்கமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ மாமி? மரியாதைக்குத்தானே சரி எண்டனான்."

"எனக்குத் தெரியேல்லை, பிள்ளை."

எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் பஸ் மணியை அழுத்திவிட்டு, "நாளைக்கும் பிள்ளை பஸ்ஸால வருவாள். கதவைத் திறவுங்கோ" என்றாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் கீழே வந்துவிடுவார்கள். நான் பிளேட்டைப் பிடிப்பேன், தாய் திருப்புவாள், பிள்ளை அட்டையில் சரி போடுவாள். சனி என்று நான் வாய் திறப்பதில்லை. அளவு சரியாகவே போனது. ஒவ்வொரு முறையும் டொக்டர் அளந்து பார்த்துத் தலையாட்டுவார்.

குளியலறைப் பேச்சு மட்டும் உடனே நிற்கவில்லை. முதலில் பிரெஞ்சுக் கேள்விகள் குறைந்தன. பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. கழற்றாமல், கேட்காமல், தடித்த தமிழ்க் குரல் மட்டும் தனியே கதைத்துக்கொண்டு நின்றது. அடுத்த வருடம் பனி கரைகிற நேரத்தில் அதுவும் வெளியே வந்து, அடுப்படியில் என்னோடு சாதாரணமாகக் கதைக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் நடந்தது, சிநேகிதி செய்தது, எல்லாம் தமிழில்.

பிளேட் போதும், இனித் தாடை பின்னுக்குப் போகாது என்று டொக்டர் சொன்ன நாள் தாய் எல்லாருக்கும் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். வெட்டு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. தாய் என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். யாராவது கேட்டால் அந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்லுவேன், என் கையில் வளர்ந்தவர்கள் என்று.

அதற்கு அடுத்த கிழமை, பின்னேரம், பிள்ளை என் மேசையில் இருந்து புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயில் பிளேட் இல்லை. குரல் தெளிவாக இருந்தது.

"மாமி, முந்தி இருந்தவ எங்க போனா?"

நான் கரண்டியை வைத்தேன்.  அவள் உதட்டை மூடி, மென்றபடி, நான் சொல்லும்வரைக்கும் காத்திருந்தாள்.

"சாப்பிடு பிள்ளை" என்றேன். "ஆறிப்போகுது."